நான்கு நிமிடம், பத்து வினாடி

பூட்டுக்காரர் மூன்றாவது முறையாகப் போன் திரையில் இருந்த சாவியை விரலால் இழுத்துக்கொண்டு போய்த் துவாரத்தில் விட்டார். உள்ளே ஐந்து பித்தளைக் குச்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி நின்றன. டக், டக், டக், டக், டக். பூட்டு அரை வட்டம் திரும்பியது, கதவு மெல்லத் திறந்தது, உள்ளேயிருந்து வந்த மஞ்சள் வெளிச்சம் கடையின் பெயர் மேல் விழுந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"அப்படியே நிஜம்மா! நாப்பது வருஷமா இதத்தான் பண்றேன். உள்ள என்ன நடக்குதுன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. இப்ப பேங்க் மேனேஜர் வரைக்கும் பாத்துட்டு போன் பண்ணிப் பேசுறாரு."

"போன் பண்றது அவர் ஒருத்தர்தான்" என்றார் அவர் மனைவி.

அந்த அக்கா கடையின் மூலையில், சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் இரண்டு போன்கள், மடியில் கம்பளி நூல். கடைக்கு வரும் அழைப்பை எல்லாம் அவர்தான் எடுப்பார். எடுத்ததும் வணக்கம், யார், என்ன என்றெல்லாம் கேட்கமாட்டார். "பூட்டுக் கடை. எங்க நிக்கிறீங்க?" அவ்வளவுதான். பூட்டுக்காரனைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருமே எங்கேயாவது நின்றுகொண்டுதான் இருப்பார்கள் என்று அவர் எனக்கு முதல் நாளே சொன்னார். வீட்டு வாசலில், கார் பக்கத்தில், மழையில், துண்டைக் கட்டிக்கொண்டு பால்கனியில்.

இப்போது அவர் மடியில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார். சாம்பல் நிற ஸ்வெட்டர். முதுகு, மார்பு, இரண்டு கை, எல்லாம் முடிந்து கழுத்துப்பட்டிக்கு வந்துவிட்டது.

"இந்த ஒரு கைய ஆரம்பிச்சது போன வருஷம். நாலு தையல் போடுறதுக்குள்ள போன் அடிக்கும், வச்சிருவேன். உங்க வெப்சைட்டு வந்து மூணு வாரம் ஆச்சும்மா. ஸ்வெட்டரே முடியப் போகுது."

நான் இணையதளம் செய்து கொடுப்பவள். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. வாடிக்கையாளர் ஆயிரம் குறை சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருக்கும். ஸ்வெட்டரைக் காட்டிக் குறை சொன்னவர் இவர் ஒருத்தர்தான். பருவம் அப்படி, தேடல் பட்டியலில் ஏற ஒரு மாதம் ஆகும், என்று என்னவோ உளறினேன். உளறுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அக்கா ஊசியை மடியில் வைத்தார். "நேத்து ஒரு பொண்ணு வந்துச்சு. வலது கையில பெரிய கட்டு. குப்பையக் கொட்ட வெளிய வந்திருக்கு, பின்னாடியே கதவு சாத்திக்கிச்சு. உள்ள பதினோரு மாசக் குழந்தை, தவழ்ற குழந்தை. கையில போன் இருந்துச்சாம். உங்க வெப்சைட்டத்தான் தொறந்திருக்கு. அந்தச் சாவி இருக்குற மூலையில அது போன் கண்ணாடியில கீறல் விழுந்திருந்துச்சாம், இழுக்க இழுக்க வரலையாம். பூட்டு தொறந்தாத்தானே நம்பரு? குழந்தை அழுகை நின்னு போச்சாம். நின்னதும் பயந்துபோய் ஜன்னல் கண்ணாடியக் கையாலயே உடைச்சிருச்சு. ஏழு தையல்."

"குழந்தை?"

"குழந்தை தூங்கிருச்சு, வேறென்ன. நல்லாத்தான் இருக்கு. கூட ஒரு சாவி வெட்டிக்கிட்டுப் போக வந்துச்சு." ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னார், "திட்டக்கூட இல்லம்மா. உங்க வெப்சைட்டுல பூட்டு ரொம்ப அழகா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போச்சு."

பூட்டுக்காரர் இருமினார். "அது ஒடஞ்ச போனு. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார். ஆனால் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதே நினைப்புதான். அந்தப் பெண்ணின் கை ஒரு பக்கம், என் தம்பி ஒரு பக்கம். தளத்தில் அசையும் அந்தப் பூட்டைச் செய்தவன் அவன்தான்.

தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். விளையாட்டுகள் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் அனிமேஷன் செய்துகொண்டிருந்தான். குதிரை ஓடும்போது பிடரி எப்படி விழ வேண்டும், ஓடுகிறவன் நிற்கும்போது உடம்பு எத்தனை அங்குலம் முன்னால் போய்த் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவன் வேலை. ஒரு காலையில் அவன் பிரிவையே மூடிவிட்டார்கள். பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். அம்மா அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே போனால் அம்மா அழுவார் என்று இங்கே வந்தான். வந்தவன் பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மாதம் படுத்தான். முதல் மாதம் பாவம் என்று விட்டேன். இரண்டாவது மாதம் "துரை எழுந்தாச்சா?" என்று கிண்டல் செய்தேன். அதற்கப்புறம் கிண்டல் செய்யவும் பயமாக இருந்தது. தட்டைக் கதவுக்கு வெளியே வைப்பேன், சில நாள் காலியாக இருக்கும், சில நாள் வைத்தபடியே இருக்கும். அம்மா தினமும் போனில் "அவன் சாப்ட்டானா?" என்று கேட்பார். நான் தினமும் பொய் சொன்னேன்.

பூட்டுக்காரர் வேலை வந்தபோது அது இரண்டு நாள் வேலை. பெயர், எண், முகவரி, என்னென்ன பூட்டு திறப்பார், முடிந்தது. சும்மா பேச்சுக்குத்தான் கதவுக்கு வெளியே நின்று, "பூட்டுக்குள்ள என்ன இருக்கும்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து, "ஏன்?" என்று ஒரு குரல் வந்தது. மறுநாள் கடையிலிருந்து ஒரு பழைய பூட்டை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதைக் கழற்றி, குச்சிகளையும் அவற்றின் மேல் இருக்கும் குட்டி ஸ்பிரிங்குகளையும் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வாரம். நான்காவது குச்சி ஏறும் சத்தம் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும் என்று மூன்று நாள் போராடினான். முதல் வாரத்தில் அறைக் கதவு திறந்தது. இரண்டாவது வாரத்தில் சவரம் செய்துகொண்டான். மூன்றாவது வாரத்தில் மேசையில் வந்து உட்கார்ந்து, "என்னக்கா, உப்பே இல்ல" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்பை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அசையும் தளம் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்டால் நான் இரண்டு பக்கமும் பேசுவேன், அதற்குத்தான் காசு தருகிறார்கள். காலணி விற்கிறவருக்குக் காலணியைச் சுழற்றிக் காட்டலாம், ஆள் வாங்கிவிடுவான். இதயத்தின் அறைகள் எப்படித் திறந்து மூடுகின்றன என்பதைப் பத்துப் பக்கம் எழுதிப் புரியவைப்பதைவிட ஒருமுறை அசைத்துக் காட்டுவது மேல். மனிதக் கண் அசைவதைத்தான் முதலில் பார்க்கும், தொட்டால் பதில் சொல்லும் பொருளை மறுபடியும் தொடத் தோன்றும், வந்தவர் கொஞ்ச நேரம் தங்குவார். மறுபக்கம், கனம். மெதுவான இணைப்பில் இறங்க நேரம் எடுக்கும், பழைய போன் திணறும், சிலருக்குத் தலைசுற்றும், கண் தெரியாதவருக்குப் படித்துக்காட்டும் கருவி அதற்குள் நுழைய முடியாது. இதையெல்லாம் நான் ஒப்பிப்பேன். பூட்டுக்காரருக்கும் ஒப்பித்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்துத் திறந்த கதவுக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

அதோடு பூட்டு ஓடவும் ஓடியது. யாரோ பகிர்ந்தார்கள், அதைப் பார்த்து இன்னும் யாரோ. வடிவமைப்பாளர்கள் கூடும் ஒரு பக்கத்தில், இந்த வாரத்தின் தளம் என்று போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு நிறுவனம் தம்பிக்கு எழுதியது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்காணல், திரை வழியாக. இப்போது நிஜமான வாடிக்கையாளர் ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் தளம் ஒன்றை நேரலையில் திறந்து காட்டச் சொன்னார்கள். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

அன்று, திங்கள்கிழமை மதியம், கடையிலிருந்து வந்த கையோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் தளத்தின் வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். வருகிறவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று ஒரு கணக்கு வரும். எங்களுடையது நான்கு நிமிடம், பத்து வினாடி. எங்கள் தொழிலில் ஒரு நிமிடம் வந்தாலே பெரிய விஷயம். போன வாரம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நானும் தம்பியும் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டோம். நான்கு நிமிடம்! கண்ணை எடுக்க முடியாமல் பார்க்கிறார்கள் என்று நினைத்தோம். பூட்டுக்காரன் தளத்தில் ஒருவர் எதற்காக நான்கு நிமிடம் நிற்பார் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது, அதைவிட அசிங்கம். எங்கள் இரண்டு பேரின் கணினியிலும் போனிலும் அந்தப் பூட்டு ஏற்கனவே இறங்கிப் பதிந்திருந்தது. ஒருமுறை இறங்கியது மறுமுறை இறங்க வேண்டியதில்லை. நாங்கள் தினமும் நூறு முறை திறந்தோம், கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. முதல்முதலாக வருகிறவர் பார்ப்பது பூட்டை அல்ல, வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வளையத்தை. அந்த வளையத்தையும் தம்பிதான் சாவி வளையம் மாதிரி வரைந்திருந்தான். அது எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

தம்பியிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இவன் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வான் என்று பயம்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுக்கா" என்றான். "நாலு நாள்தானே. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

"நம்பர மட்டும் மேல போட்டுடலாம்டா. வந்தவுடனே தெரியுற மாதிரி."

"கதவு மேலயே நம்பர எழுதி வச்சா அப்புறம் கதவு எதுக்கு? பூட்டு எதுக்கு? அவங்க அதப் பாத்தாங்கன்னா சிரிப்பாங்க."

"பூட்ட வேணா தனியா ஒரு எடத்துல வச்சுக் காட்டேன்."

"தனியா வச்சா அது பொம்மைக்கா. ஒரு கடைக்காரர் நம்பி வச்சிருக்காருங்குறதுதான் விஷயமே. அவருக்கே புடிச்சிருக்கு. உனக்கு மட்டும் என்ன?"

எனக்கு மட்டும் என்ன! நியாயமான கேள்விதான். பூட்டுக்காரருக்குப் பிடித்திருக்கிறது. தம்பிக்கு அதில்தான் உயிர். வேண்டாம் என்பவர்கள் எங்கேயோ பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறார்கள், அவர்கள் யார் என்றுகூடத் தெரியாது. நாலு நாளில் இந்த ஊரில் எத்தனை பேர் கதவு சாத்திக்கொண்டு நிற்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. செவ்வாய் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் கோபத்தில், நான்காவது குச்சியின் சத்தத்தை மறுபடி சரி செய்து, பூட்டு முழுவதையும் புதிதாக ஏற்றினான்.

புதன் காலை அழைப்புமணி அடித்தது. தம்பி பார்சல் வாங்கப் போனான். கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தம்பி படிக்கட்டு முகப்பில் நின்றபடியே பார்சலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நேர்காணலுக்காக வாங்கிய புதுச் சட்டை. அதை நெஞ்சில் வைத்து அளந்துகொண்டே என்னைப் பார்த்து, "என்னக்கா, நல்லாருக்கா?" என்றான், இரண்டு நாளில் பேசிய முதல் வார்த்தை. யோசித்துத்தான் செய்தேன் என்று சொன்னால் பொய். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட கை நினைவுக்கு வந்தது. நானும் வெளியே வந்தேன். பின்னால் கதவை இழுத்துச் சாத்தினேன். எங்கள் கதவு இழுத்தாலே பூட்டிக்கொள்ளும்.

"சாவி எங்க?" என்றான்.

"உள்ள."

"உன் போனு?"

"உள்ள."

"லூசாக்கா நீ?"

"பூட்டுக்காரருக்கு போன் பண்ணு."

"உனக்கு நம்பர் தெரியும்ல? சொல்லு."

எனக்கு மனப்பாடம். அந்தத் தளத்தில் எண்ணைத் தட்டியவளே நான்தான். "தெரியாது" என்றேன். "வெப்சைட்டுல பாரு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். புரிந்துவிட்டது. சரி பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி போனை எடுத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பில் முட்டை அவியப் போட்டிருந்தேன். நான்கு முட்டை, வற்றிக்கொண்டிருந்த கொஞ்சம் தண்ணீர், எரிகிற அடுப்பு. வாயைத் திறந்து எண்ணைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதற்காக என்னை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

"அடுப்புல முட்டை இருக்குடா" என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுப் புதிதாக ஏற்றியிருந்ததால் அவன் போனுக்கும் அது புதுப் பூட்டுதான். வளையம் சுற்றியது. வீட்டு வைஃபை கதவைத் தாண்டி அரைக்கோடு வந்தது, போன் அதையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "வந்துரும்" என்றான். வளையம் சுற்றியது. "வந்துரும், வந்துரும்." எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன், வேலைக்குப் போயிருந்தார்கள். வளையம் சுற்றியது. வைஃபையை அணைத்தான், பக்கத்தை மறுபடி திறந்தான், முதலிலிருந்து சுற்றியது.

பூட்டு வந்தது. அவன் கட்டைவிரல் வியர்த்திருந்தது. சாவியைப் பாதி தூரம் இழுத்தான், நழுவிற்று, சாவி தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. நடுவில் விட்டால் சாவி திரும்பிவிட வேண்டும் என்று அப்படிச் செய்திருந்தவன் அவன்தான். நிஜம் மாதிரி இருக்க வேண்டுமாம். விரலைச் சட்டையில் துடைத்தான், அந்தப் புதுச் சட்டையில்தான். இரண்டாவது முறையும் நழுவிற்று. மூன்றாவது முறை போய் விழுந்தது. டக், டக், டக், டக், டக். நான்காவது சத்தம் உண்மையிலேயே கனமாக, அழகாக இருந்தது. படிக்கட்டில் எதிரொலித்தது. கதவு மெதுவாகத் திறந்தது. மஞ்சள் வெளிச்சம் மெதுவாகப் பரவியது. கடையின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவன் தன் திரையிடமே கெஞ்சினான். கருகும் வாசனை கதவுக்கடியிலிருந்து வர ஆரம்பித்தது. கீழே தள்ளினான், பூட்டுகளின் வரிசை பக்கவாட்டில் அசைந்து வந்தது, இன்னும் கீழே தள்ளினான், எண் மெல்ல மங்கலிலிருந்து தெளிந்தது.

உள்ளே ஒரு முட்டை வெடித்தது. டப் என்று, துப்பாக்கி சுட்ட மாதிரி. இரண்டு பேரும் துள்ளினோம்.

அவன் எண்ணை அழுத்தாமல் திரையின் மேலே இருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலு நிமிஷம் ஆச்சுக்கா" என்றான்.

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மொதல்ல அமுக்குடா" என்றேன்.

"பூட்டுக் கடை. எங்க நிக்கிறீங்க?"

"மூணாவது மாடி... வாசல்ல" என்றான். முகவரியை நான் போனைப் பிடுங்கிச் சொன்னேன். அதற்குள் இன்னும் இரண்டு முட்டைகள்.

பூட்டுக்காரர் பத்தே நிமிடத்தில் பையோடு மூச்சுவாங்க ஏறி வந்தார். மண்டியிட்டு, மெல்லிய கம்பி இரண்டை உள்ளே விட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டே விரலால் என்னவோ செய்தார். முப்பது வினாடிகூட ஆகவில்லை. சத்தமே வரவில்லை. கதவு திறந்தது, புகை வந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

அடுப்படியில் கிடந்த என் போனோடு திரும்பி வந்தபோது அவர் கம்பிகளைத் துடைத்து உறையில் செருகிக்கொண்டிருந்தார். "ஆமா, நம்பர் எப்படிக் கெடச்சுது? நீங்கதான் போன உள்ள வச்சுட்டீங்களே" என்று என்னைக் கேட்டார்.

தம்பிதான் சொன்னான். "வெப்சைட்டுல பாத்தோம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! வேலை செய்யுதுல்ல! என் பொண்டாட்டி என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கா" என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் இறங்கும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, கட்டுப் போட்ட கையைப் பற்றி அவனிடம் சொன்னேன். பதினோரு மாதக் குழந்தை, கீறல் விழுந்த திரை, ஏழு தையல், ரொம்ப அழகா இருந்துச்சு என்றது, எல்லாவற்றையும். ஸ்டூலைப் போட்டு ஏறி, அடுப்படிக் கூரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவைக் கரண்டியால் சுரண்டி எடுத்தான். ஒரு மணி நேரம் சுரண்டினான். பிறகு கை கழுவிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தான். ஆறு வாரம் செய்ததை எடுக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாக்கு என்ன நாக்கோ, "வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் எடுத்துக்கலாமேடா, ரெண்டு நாள்தானே?" என்று நானே கேட்டேன். திங்கள்கிழமை அவன் கேட்ட அதே கேள்வி.

"வேணாங்கா" என்றான். எழுந்து உள்ளே போனான். பின் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

வியாழக்கிழமை பூட்டுக்காரர் கூப்பிட்டார். "பூட்டக் காணோமேம்மா? ரிப்பேரா?" அவர் குரலைக் கேட்கப் பாவமாக இருந்தது. நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று சொன்னேன். பிறகு, "நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார். மதியம் தட்டைப் பின் அறைக்கு வெளியே வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது பாதி சாப்பிட்டிருந்தான். அம்மா கேட்டதற்கு, சாப்பிட்டான் என்றேன். பாதி பொய்தானே.

வெள்ளிக்கிழமை பத்தே முக்கால். அறைக் கதவு இன்னும் சாத்தியே இருந்தது. புதுச் சட்டையை நேற்றே துவைத்து நாற்காலியில் போட்டிருந்தேன். காலையில் பார்த்தபோது நாற்காலியில் இல்லை. போட்டிருக்கிறானா, சுருட்டி மூலையில் எறிந்திருக்கிறானா, தெரியவில்லை. கதவைத் தட்டக் கை போனது, தட்டவில்லை. கூப்பிடவும் பயமாக இருந்தது. சும்மா நிற்கவும் முடியவில்லை. வேலையாவது செய்வோம் என்று போனை எடுத்து, பதிந்திருப்பதை எல்லாம் அழித்துவிட்டு, அங்கேயே நின்றபடி தளத்தைத் திறந்தேன். புதன்கிழமையிலிருந்து நான் எதையும் உட்கார்ந்துகொண்டு சோதிப்பதில்லை.

உடனே வந்தது. வெள்ளைப் பக்கம், கறுப்பில் எண், கட்டைவிரல் அகலத்துக்கு. மேலே ஒரே வரி: வெளியே மாட்டிக்கொண்டீர்களா? அழுத்துங்கள். வேறு ஒன்றுமே இல்லை. அந்த எண்ணின் உருவமும் அதைச் சுற்றி விட்டிருந்த இடமும் அவன் கைதான் என்று எனக்குத் தெரிந்தது. அழைப்பு போகிறதா என்று பார்க்க வேண்டுமே, அழுத்தினேன். காதில் வைத்தேன்.

அதே நேரத்தில் கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. டக். அவன் கணினியில் பூட்டை வைத்திருக்கிறான். டக், டக். பதினோரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவர்களுக்குக் காட்டத் தயார் செய்கிறானா, தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறானா, எனக்குத் தெரியவில்லை. நான்காவது, அந்தக் கனமான சத்தம். ஐந்தாவது சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

போனில் ஊசிகளைக் கீழே வைக்கும் சத்தம். "பூட்டுக் கடை" என்றார் அக்கா. "எங்க நிக்கிறீங்க?"

நான் மறுகாதைக் கதவோடு ஒட்டி வைத்தேன்.

"ஹலோ? பயப்படாதீங்க, சொல்லுங்க. எங்க நிக்கிறீங்க?"